25 சதவீதத்தில் பொட்டென்று அணையும் போன்: பேட்டரி குற்றமா, என் குற்றமா?

காட்பாடி_ரைடர் | மே 9, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி சொல்லி விட்டால் "என்ன போன், எத்தனை வருஷம்" என்றுதான் முதல் பத்து பதிலும் வரும்.

வேலூரில் உணவு டெலிவரி பார்க்கிறேன். காலை பத்தரைக்கு ஆப்பை ஆன் செய்தால் இரவு பதினொன்று ஆகும் வீடு திரும்ப. போன் வாங்கி 14 மாதம். 5000 எம்ஏஹெச் பேட்டரி, 33 வாட் சார்ஜர், எல்சிடி டிஸ்ப்ளே, 5ஜி. கம்பெனி பெயர் வேண்டாம், பெயரைப் போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். புதிதில் காலையில் நூறு வைத்துக் கிளம்பினால் மாலை ஆறு, ஆறரை வரை ஓடும், நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம் சார்ஜ் போட்டால் இரவு ஓடிவிடும். இப்போது மதியம் இரண்டு மணிக்கே முப்பதுக்கு வந்துவிடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். 25, 28 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்துவிடுகிறது, அதுதான் தாங்க முடியவில்லை. முந்தாநாள் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள், கேமராவைத் திறந்தேன், திரை கருப்பு. பைக் சார்ஜரில் மாட்டி ஆன் செய்தால் 22 என்று காட்டுகிறது! பாடையில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து "எனக்கு என்ன ஆச்சு" என்று கேட்ட மாதிரி. அந்த ஆர்டருக்கு வந்த சண்டை தனிக் கதை.

என் பழக்கம் என்னவென்றால், இரவு பன்னிரண்டுக்குச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன், காலையில்தான் எடுப்பேன். பகலில் போன் ஹேண்டில் பாரில் உள்ள ஹோல்டரில்தான் இருக்கும், மேப் ஓடிக்கொண்டே இருக்கும், வெயிலில் தெரிய வேண்டும் என்று வெளிச்சம் முழுசாக. போன நவம்பர் மழைக்கு வாங்கிய பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டிருக்கிறேன், அப்படியே கிடக்கிறது. மதியத்துக்கு மேல் பைக் சார்ஜரில் மாட்டிவிடுவேன், ஆனால் சில நாள் "வெப்பநிலை அதிகம், சார்ஜிங் நிறுத்தப்பட்டது" என்று வருகிறது. இரண்டு சிம். பாகாயம் தாண்டி மலையோரத் தெருக்களுக்குள் போனால் சிக்னல் ஒரு கோடுதான்.

அப்பா, "முழுசா தீர்ந்த பிறகு சார்ஜ் போடுடா, நடுவுல நடுவுல போட்டா கெட்டுப்போகாம என்ன பண்ணும்" என்கிறார். நண்பன் ஒருவன், இரவெல்லாம் சார்ஜில் போடுவதுதான் காரணம் என்கிறான். யார் சொல்வது சரி? பேட்டரியை மாற்றினால் போதுமா, போனையே மாற்ற வேண்டுமா? வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. சரியாகப் பார்த்துத்தான் முடிகிறது இந்த வாரண்டி.

பழைய_நோக்கியா | மே 10, காலை 6.15

அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு சரி தம்பி. பேட்டரிக்கு ஞாபக சக்தி உண்டு. பாதியில் பாதியில் சார்ஜ் போட்டால் அந்தப் பாதியையே முழுசு என்று நினைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை பூஜ்யம் வரை இறக்குங்கள். இரவு சார்ஜ் போடுவதை அடியோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் ரீசென்ட்டில் உள்ள ஆப் எல்லாவற்றையும் தள்ளி மூடிவிடுங்கள். பேட்டரி சேவரை எப்போதும் ஆனில் வையுங்கள். எங்கள் காலத்தில் நோக்கியா 1100 போன் ஒரு வாரம் சார்ஜ் நின்றது, அதெல்லாம் பழக்கத்தில் இருக்கிறது.

லித்தியம்தாசன் | மே 10, காலை 9.02

நோக்கியா சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. சொன்ன நான்கில் ஒன்று பாதி சரி, மற்ற மூன்றும் இந்தத் தம்பியின் பிழைப்பில் மண்ணைப் போடும்.

ஞாபக சக்தி சமாச்சாரம் நிக்கல் காட்மியம் பேட்டரியோடது. அதில் உண்மையாகவே அப்படி ஒரு தொல்லை இருந்தது. லித்தியம் அயன் பேட்டரியை சோனி 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது, இதற்காக உழைத்த மூன்று பேருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசும் கொடுத்தாகிவிட்டது, இன்னும் நாம் "பூஜ்யம் வரை இறக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் சொல்லும் 1100 இருக்கிறதே, அதில் இருந்த பிஎல்-5சி பேட்டரியும் லித்தியம் அயன்தான் சார்! ஒரு வாரம் நின்றதற்குக் காரணம் அதில் கருப்பு வெள்ளைத் திரையும் ஒரு டார்ச்சும் தவிர மின்சாரம் தின்ன வேறு எதுவும் இல்லாததுதான்.

பூஜ்யம் வரை இறக்கி ஏற்றுவதால் ஒரே ஒரு நன்மை உண்டு. திரையில் தெரியும் சதவீதம் என்பது உள்ளே போன மின்சாரம், வெளியே போன மின்சாரம் இரண்டையும் எண்ணிப் போன் போடும் கணக்கு. நாளாக ஆக கணக்கு கோணும். எப்போதாவது ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றினால் கணக்கு நேராகும், அவ்வளவுதான். பேட்டரியின் கொள்ளளவு ஒரு சொட்டும் கூடாது. அதை வாராவாரம் செய்தால் தேய்மானம்தான் கூடும்.

ரீசென்ட்டைத் தள்ளி மூடுவதும் வீண். ஆண்ட்ராய்டு 2015இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்தே, போன் சும்மா கிடக்கும்போது ஆப்களைத் தூங்கவைக்கத் தெரிந்துகொண்டுவிட்டது. நீங்கள் மூடிய ஆப்பை ஐந்து நிமிடத்தில் மறுபடி திறந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்கு மின்சாரம் கூடத்தான் ஆகும். பேட்டரி சேவர் ரைடருக்கு ஆகவே ஆகாது. பின்னணியில் லொகேஷனைக் கட்டுப்படுத்தும், ஆர்டர் மணி அடிக்காமல் போகும், அப்புறம் ரேட்டிங் போனது பேட்டரியாலா என்று இன்னொரு கேள்வி போட வேண்டியிருக்கும்.

இரவு சார்ஜ் பாதி சரி என்றேன். நூறு வந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும், வழிந்து கொட்டாது. ஆனால் நூறிலேயே ஆறு ஏழு மணி நேரம் வைத்திருப்பது லித்தியத்துக்குப் பிடிக்காது, மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும். சின்ன சேதம்தான். தலையணைக்கு அடியில் வைத்தால் பெரிய சேதம்.

இப்போது அசல் விஷயம். ஒரே வரியில் தாண்டிப் போனீர்களே, அந்த மழை உறை. கண்ணாடி ஏற்றிய காரை மே மாதம் வேலூர் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து ஸ்டியரிங்கைத் தொட முடியுமா? உங்கள் போன் தினமும் அந்தக் காருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. வெளியே 41 டிகிரி, மேலே நேர் வெயில், உள்ளே காற்று போக வழியில்லை, அதற்குள்ளேயே திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ், 5ஜி, போதாததற்கு சார்ஜரும். சார்ஜ் ஏறுவதே தனி சூடு. போன் தானாகச் சார்ஜை நிறுத்தியது கோளாறு இல்லை, கெஞ்சல்.

ஒரு கணக்கு சொல்கிறேன். லித்தியம் பேட்டரியை 40 சதவீதம் சார்ஜில், 25 டிகிரியில், ஒரு வருடம் யாரும் தொடாமல் வைத்திருந்தால் கொள்ளளவு 96 சதவீதம் அளவுக்கு மிஞ்சும். அதே பேட்டரியை நூறு சதவீதத்தில், 40 டிகிரியில் வைத்தால் ஒரு வருடத்தில் 65 பக்கம் வந்து நிற்கும். சும்மா வைத்திருந்ததற்கே இந்தக் கதி, பயன்படுத்தவே இல்லை! உள்ளே கார்பன் தகட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படியும், சூட்டில் அது வேகமாகத் தடிக்கும், தடிக்கத் தடிக்க வேலை செய்ய வேண்டிய லித்தியத்தைத் தின்றுவிடும். திரும்பி வராது. ஆப்பிள் கம்பெனி 35 டிகிரிக்கு மேல் போனை வைக்காதீர்கள், கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று சொல்கிறது. 35 என்பது நமக்கு பங்குனி மாதத்துக் காலை பதினோரு மணி.

அண்ணாச்சி_சர்வீஸ் | மே 10, மதியம் 1.20

பாளையங்கோட்டையில் பதினாறு வருஷமாகப் போன் ரிப்பேர் பார்க்கிறேன். லித்தியம்தாசன் சொன்ன படலம் கிடலம் எனக்குத் தெரியாது, ஆனால் சூடு விஷயம் சத்தியமான உண்மை. கடைக்கு வரும் உப்பின பேட்டரியில் பாதிக்கு மேல் ஆட்டோக்காரர், டெலிவரிப் பையன்கள், பகலெல்லாம் வெயிலில் நிற்கும் ஆட்களுடையது.

தம்பி, முதலில் ஒன்று செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். உறை, கவர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். போனைத் திரை கீழே இருக்கும்படி சமதளமான மேஜையில் வைத்து, பம்பரம் மாதிரி லேசாகச் சுற்றிவிடுங்கள். நல்ல போன் அரைச் சுற்றில் உராய்ந்து நிற்கும். திரை நடுவில் புடைத்திருந்தால் வழுக்கிக்கொண்டு சுற்றும். அப்புறம் விளிம்பைச் சுற்றி ஒரு விசிட்டிங் கார்டை ஓட்டிப் பாருங்கள், எங்காவது உள்ளே போனால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். உப்பியிருந்தால் அந்த நிமிஷமே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசி வைத்துக் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யூட்யூபில் எவனாவது சொன்னால் அவனை பிளாக் செய்யுங்கள். குத்தினால் தீ.

25இல் அணைவதற்குக் காரணம் கேட்டீர்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயைத் திறந்தால் நூலாக வரும். குளியலறை, சமையலறை இரண்டையும் சேர்த்துத் திறந்தால் காற்றுதான் வரும். பேட்டரி பழசானால் உள்தடை ஏறும். மேப் மட்டும் ஓடினால் சமாளிக்கும், கேமராவைத் திறந்ததும் ஒரே மூச்சில் மின்சாரம் கேட்கும், வோல்டேஜ் படாரென்று விழும், போர்டு அணைத்துவிடும். தொட்டியில் தண்ணீர் இருந்தது நிஜம்தான், அதனால்தான் மறுபடி ஆன் செய்தால் 22 காட்டுகிறது. யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில போனில் பேட்டரி நன்றாக இருந்தும் போர்டில் லீக்கேஜ், அதாவது மின்கசிவு இருக்கும். கடையில் பேட்டரியைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் டிசி பவர் சப்ளையில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். போனை ஆன் செய்யாமலேயே மீட்டர் முள் ஆடினால் பேட்டரியை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. இரண்டு நிமிஷ வேலை, பார்க்காமல் "பேட்டரிதான் சார்" என்று சொல்லும் கடையில் கொடுக்காதீர்கள்.

காட்பாடி_ரைடர் | மே 10, மதியம் 3.05

அண்ணாச்சி... மேஜையில் சுற்றிவிட்டேன். நிற்கவே மாட்டேன் என்கிறது. இடது பக்கம், வால்யூம் பட்டனுக்குக் கீழே விசிட்டிங் கார்டு பாதி உள்ளே போகிறது. உறைக்குள்ளேயே கிடந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை. தொடவே பயமாக இருக்கிறது, அணைத்து மொட்டை மாடிச் சிமென்ட் தரையில் வைத்துவிட்டேன். தம்பி போனிலிருந்து எழுதுகிறேன்.

அண்ணாச்சி_சர்வீஸ் | மே 10, மதியம் 3.11

மொட்டை மாடியில் வெயிலிலா வைத்தீர்கள்!! முதலில் நிழலுக்குக் கொண்டுவாருங்கள். மர சாமான், துணி பக்கத்தில் இல்லாத இடம். கடைக்கு எடுத்துப் போகும்போது பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பைக்கில் உட்காராதீர்கள், மடங்கும்.

பேட்டரி மாற்ற முடிந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள், காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை. வெளியில் மாற்றினால் ஸ்டிக்கரில் 5000 என்று அச்சடித்ததையெல்லாம் நம்ப வேண்டாம், ஸ்டிக்கர் அடிக்க எவ்வளவு ஆகும்? கையில் வைத்துப் பார்த்தாலே பழையதைவிட எடை குறைவாக இருக்கும் சிலது. நல்ல பேட்டரியே ஆனாலும் இரண்டு மூன்று வருஷம் அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்ததென்றால் அது பிறக்கும்போதே கிழவன், தயாரித்த தேதி கேளுங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் அங்கேயே கொடுத்துவிடுங்கள். குப்பை லாரியில் நசுங்கினால் லாரி பற்றும். அப்புறம், பின் மூடியைத் திறந்து ஒட்டிய பிறகு தண்ணீர் புகாத தன்மை முன்பு மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். மழைக்கு உறை வேண்டும்தான். மழைக்கு மட்டும்.

கணக்கு_டீச்சர் | மே 10, மாலை 5.48

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். பேட்டரி வேதியியல் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, பெருக்கல் தெரியும். 14 மாதத்தில் போய்விட்டதே என்று தம்பி வருத்தப்படுவதால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்.

பேட்டரிக்கு வயது மாதத்தில் இல்லை, சுற்றில் என்கிறார்கள். நூறு சதவீதம் செலவானால் ஒரு சுற்று. இன்று ஐம்பது, நாளை ஐம்பது என்றாலும் சேர்த்து ஒன்றுதான். தம்பி புதிதில் ஒரு முழுச் சார்ஜும் கொஞ்சமும், இப்போது ஏறக்குறைய இரண்டு. சராசரி ஒன்றரை என்று வைப்போம். 14 மாதத்தில் சுமார் 425 நாள், வாரம் ஒரு நாள் விடுப்பைக் கழித்தால் 365. ஒன்றரையால் பெருக்கினால் 547. ஏறத்தாழ 550 சுற்று.

ஐபோன் 14 வரைக்குமான மாடல்களுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கே 500 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் மிஞ்சும் என்பதுதான், அதுவும் சரியான சூழலில். 15இலிருந்து 1000 என்கிறார்கள். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20இலிருந்து புதிதாக விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள். நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிறேன், 550 சுற்று வர எனக்கு மூன்று வருடம் ஆகும். உங்கள் 14 மாதம் என்னுடைய மூன்று வருடம் தம்பி. என் போனும் மூன்று வருடத்தில் இப்படி ஆகியிருந்தால் நான் இங்கே கேள்வி போட்டிருக்க மாட்டேன், வயதாகிவிட்டது என்று விட்டிருப்பேன்.

இதோடு என் சந்தேகம் ஒன்று. என் போனில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாமா? தம்பியும் வைக்க வேண்டுமா?

வேகத்தடை_வேளச்சேரி | மே 10, இரவு 11.55

நானும் ரைடர்தான், சென்னையில் ஐந்தாவது வருஷம். இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். டீச்சர், நீங்கள் தாராளமாக 80 வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அதுவே ஒரு நாள் ஓடும். ரைடருக்கு அந்த அறிவுரை வேண்டாம். 80இல் கிளம்பினால் மத்தியானம் டின்னர் ஆர்டருக்கு முன்னாடியே சார்ஜர் தேடி அலைய வேண்டும். பேட்டரியைக் காப்பாற்ற நான் போன் வாங்கவில்லை, என்னைக் காப்பாற்ற வாங்கினேன். எனக்கு பேட்டரி என்றால் பிரேக் ஷூ மாதிரி, இன்ஜின் ஆயில் மாதிரி. ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்று மாதம் நூறு ரூபாய் எடுத்து வைத்துவிடுகிறேன், அன்றிலிருந்து டென்ஷன் இல்லை. சும்மா தேய்ப்பது வேறு, வேலையில் தேய்வது வேறு.

ஆனால் வெயிலில் வேகவைப்பது வேலையில் சேராது நண்பா. நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். பைக்கில் போன் மாட்டுவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. ஹோல்டர் இருக்கிறது, புது ஏரியா என்றால் மட்டும். மற்றபடி மேப்பைப் போட்டு, திரையை அணைத்து, சட்டைப் பையில் வைத்துவிட்டால் "200 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே வருவார், சத்தம் கேட்கும். ஒரு நாளில் திரை எரியும் நேரம் பாதிக்கு மேல் குறைந்தது. வேலூரில் உனக்குத் தெரியாத தெரு எத்தனை இருக்கும் சொல்லு, பாதி தூரம் மேப்பே தேவைப்படாது, பழக்கதோஷத்தில் போட்டுக்கொண்டு போகிறோம். (ஹேண்டில் பார் அதிர்வில் கேமரா கெட்டுப்போகும் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது, அது கூடுதல் லாபம்.)

பைக் சார்ஜரை மறந்துவிடு. வெயில், போன் வேலை செய்யும் சூடு, சார்ஜ் ஏறும் சூடு மூன்றும் ஒரே நேரத்தில் சேர்வது அங்கேதான். பையில் ஒரு 10000 எம்ஏஹெச் பவர் பேங்க், ஹோட்டலில் ஆர்டருக்குக் காத்திருக்கும் பத்து நிமிஷம், நிழலில், உறை இல்லாமல். 10000 என்றால் உன் 5000 போனை இரண்டு தடவை ஏற்றும் என்று நினைக்காதே, வோல்டேஜ் மாற்றுவதில் போகிறது, ஒன்றரை தடவை கிடைத்தால் நல்ல பவர் பேங்க். இன்னொன்று, நூறு வரை ஏற்ற உட்காராதே. 30லிருந்து 70 சர்ரென்று ஏறும், 80க்கு மேல் போனே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நத்தையாக நகரும். அந்தக் கடைசி இருபதுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு ஆர்டர் போய்விடும்.

சிக்னல் விஷயம் யாரும் சொல்லவில்லையே? டவர் பக்கத்தில் இருந்தால் போன் காதோடு காதாகப் பேசும், தூரமாகிவிட்டால் கத்தும். கத்தினால் தொண்டை வற்றத்தான் செய்யும். அந்த ஒரு கோடு ஏரியாவுக்குப் போகும்போது 5ஜியை நிறுத்தி 4ஜிக்கு மாற்று, இரண்டுக்கும் நடுவில் தாவித் தாவியே பாதி தீர்கிறது. ரீசார்ஜ் செய்யாத இரண்டாவது சிம் உள்ளே கிடந்தால் அதை செட்டிங்கில் ஆஃப் செய். நீ அதை மறந்திருப்பாய், அது நாளெல்லாம் டவர் தேடிக்கொண்டிருக்கும். ஊர் மேப்பை வைஃபையில் ஒருமுறை இறக்கிவைத்துக்கொள்.

லித்தியம்தாசன் | மே 11, காலை 8.30

வேளச்சேரி சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன், என்னுடையதைவிட அதுதான் நடைமுறை. டார்க் மோடு போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும், கருப்பு காட்டினாலும் எரியும், எனவே காட்பாடி தம்பிக்கு ஒரு பைசா மிச்சம் இல்லை. ஓஎல்இடி திரையில் கருப்புப் புள்ளி என்றால் அணைந்த புள்ளி, மிச்சம் உண்டு. எவ்வளவு? அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2021இல் அளந்து பார்த்தார்கள். வெளிச்சம் 30, 50 சதவீதத்தில் இருந்தால் சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான், முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம். முழு வெளிச்சம் எப்போது வைப்போம்? வெயிலில். கத்திரி வெயிலில் கருப்பு மேப்பில் ஒரு மண்ணும் தெரியாது. மிச்சம் பிடிக்க முடிகிற இடத்தில் பார்க்க முடியாது, பார்க்க முடிகிற இடத்தில் மிச்சம் இல்லை.

டீச்சர், உங்கள் 550 கணக்கு அருமை. ஒரே ஒரு திருத்தம், சுற்று மட்டும் என்றால் 80க்கு இறங்கியிருக்கும், உப்பியிருக்காது. உப்பினது வெயிலின் கைங்கரியம்.

பழைய_நோக்கியா | மே 11, காலை 8.52

1100 லித்தியமா?! பரணில் கிடந்ததை இறக்கிப் பார்த்தேன். பேட்டரி மேலேயே போட்டிருக்கிறது, லித்தியம் அயன், 850 எம்ஏஹெச். இருபது வருஷமாக அதைப் பூஜ்யம் வரை இறக்கி இறக்கி ஏற்றியிருக்கிறேன். சரி, தோற்றுவிட்டேன். ஆனால் இன்னும் ஆன் ஆகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லித்தியம்தாசன் | மே 11, காலை 8.57

உங்கள் பரண் நல்ல பரண் சார். அந்தப் பேட்டரியை மட்டும் இனி நெடுநேரம் சார்ஜ் போட வேண்டாம்.

காட்பாடி_ரைடர் | மே 26, இரவு 11.30

தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

முதலில் ஒரு கடையில் 900 ரூபாய்க்கு மாற்றித் தருகிறேன் என்றார்கள். தயாரித்த தேதி கேட்டேன், முகத்தைப் பார்த்தார்கள். பவர் சப்ளையில் மாட்டிப் பாருங்கள் என்றேன், "நீங்களே கடை வைக்கலாமே" என்றார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போய் 1,750 கொடுத்து மாற்றினேன், போர்டில் கோளாறு இல்லை. பழைய பேட்டரியை வெளியே எடுத்ததும் அங்கிருந்த பையன் காட்டினான், கடலை மிட்டாய் மாதிரி தட்டையாக இருக்க வேண்டியது வெண்ணெய் பன் மாதிரி இருந்தது.

அப்புறம் வெப்பநிலை காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மதியம் ஒரு மணி, பழைய பேருந்து நிலையத்திலிருந்து தோட்டப்பாளையம் வரை, வேண்டுமென்றே அந்த மழை உறைக்குள் வைத்து ஓட்டினேன், பேட்டரி 47 டிகிரி. அடுத்த நாள் அதே நேரம், அதே வழி, உறை இல்லாமல் சட்டைப் பையில், 39. உறையைக் கழற்றி சீட்டுக்கடியில் போட்டுவிட்டேன், ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சிம், ஆமாம் வேளச்சேரி அண்ணா, ரீசார்ஜ் செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஆஃப் செய்தாகிவிட்டது. மேப் பாதி நேரம் போடுவதில்லை. இன்று காலை பத்தரைக்கு நூறு, மாலை ஐந்தே முக்காலுக்கு 34. கேமரா திறந்தால் திறக்கிறது. இரவு சார்ஜை மட்டும் மாற்ற முடியவில்லை, பன்னிரண்டு மணிக்குப் போட்டுவிட்டு இரண்டு மணிக்கு எழுந்து எடுக்க நான் என்ன கைக்குழந்தையா வைத்திருக்கிறேன். மேஜை மேல் வைத்து, வேகம் குறைந்த பழைய சார்ஜரில் போடுகிறேன்.

அப்பாவிடம் புது பேட்டரி போட்டாகிவிட்டது என்று சொன்னேன். கேட்ட முதல் கேள்வி, "முதல் சார்ஜ் எட்டு மணி நேரம் போட்டியா?"